வெருகல் பட்டிக்கு யார் வந்து சேர்வார்? மூன்று படிப்புகளை வைத்து ஒரு கணக்கு

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. தவறினால் இன்னொரு 21 நாள் தீனி வீண். எருமை பல நேரம் கத்துவதும் இல்லை, பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். திருகோணமலைக்குக் கால்நடைப் படிப்பு வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நேரத்துக்குள் வெருகலில் இருக்கும் ஒரு பட்டிக்கு யார் போய்ச் சேர்வார்?

கால்நடை வைத்தியர் என்றால் பேராதனைதான், நாட்டில் அதற்கு வேறு பீடம் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படை, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம், அதில் நாங்களும் உண்டு. ஆனால் கோட்டா பிள்ளையை இங்கிருந்து எடுக்கும், திருப்பி அனுப்பாது. கால்வாய் நோய் பரவினாலும், கன்று குறுக்கே கிடந்தாலும் வைத்தியர் இல்லாமல் முடியாது, சரி. அதே ஆளை நாள் முழுக்க சினை ஊசிக்கு ஓடவைப்பது வீண்செலவு.

அடுத்தது விலங்கு விஞ்ஞானப் பட்டம். வந்தாறுமூலை விவசாய பீடத்தில் அதற்கொரு துறையே இருக்கிறது, ஊவா வெல்லஸ்ஸவில் தனிப்பட்டமே உண்டு. கோணேசபுரி வளாகத்திலும் ஒன்று வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் நாலைந்து மாடு வைத்திருப்பவரால் பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? பிள்ளை அரச நியமனத்துக்குக் காத்திருக்கும், மாடு காத்திராது. இந்தப் படிப்புக்கு உண்மையான இடம் தீனியில் இருக்கிறது. சீனக்குடா மாவாலையில் கோதுமைத் தவிடு, கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால் கோடையில் மாடு தாக்குப்பிடிக்கும். அதைத் தொழிலாக்கப் பட்டதாரி வேண்டும். அதற்குச் சிலர் போதும்.

மூன்றாவது டிப்ளோமா. குண்டசாலை கால்நடைப் பாடசாலை பழைய வழி. என்.வி.கியூ.வில் 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம், அதனால் இங்கே தொடங்கியவருக்குக் கதவு அடைபடாது. குறை, கலியாணச் சந்தையில் இதற்கு மதிப்பில்லை. சிரிப்புக்குச் சொல்லவில்லை, பெற்றோர் முதலில் பார்ப்பது அதைத்தான். வீட்டு மாட்டைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால், ஸ்கூட்டரும் ஊசிப் பெட்டியுமாக ஒரு பெண் வந்தால் பாதிப் பேச்சுக்கு வேலையே இல்லை.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஒரு பட்டப்படிப்புக்கு முன் மாவட்டத்துக்குள்ளேயே 5 ஆம் மட்டம். வகுப்பு நகரில் நடக்கலாம், பயிற்சி கிண்ணியா, மூதூர்ப் பட்டிகளில்தான் நடக்க வேண்டும். அப்புறம் நாட்காட்டி: பெரும்போகத்தில் மாடுகள் வயலை விட்டுக் காட்டுப்பக்கம் போய்விடும். வெளிக்களப் பயிற்சியை அறுவடை முடிந்து அவை தாளடிக்குத் திரும்பும் மாதங்களில் வைக்காவிட்டால், பிள்ளைகள் வெறும் பட்டியைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள்.