லாக்கா, பைசெக்டா?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வளர்ச்சிப் பதிப்பை (இன்னும் வெளியாகாத சோதனைப் பதிப்பை) ஏற்றியதும் வைஃபை படுத்துவிட்டதா? காரணத்தைக் கண்டுபிடிக்கக் கைவசம் இரண்டு வழி: லாக், அதாவது கணினி எழுதிவைக்கும் பதிவேடு; பைசெக்ட், அதாவது பாதி பாதியாகப் பிளந்து தேடுவது.

ஜர்னல்சிடிஎல் (journalctl -b -1) கட்டளையில் முந்தைய பூட்டின், அதாவது கணினியை முன்பு இயக்கிய தடவையின், லாக் வரும். ஃபர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருள்) ஏறவில்லை என்று ஒரு வரி தென்பட்டால் பாதி வேலை முடிந்தது. கணினி அப்படியே உறைந்திருந்தால்தான் சிக்கல்: கடைசி வரிகள் வட்டில் பதிந்தே இருக்காது.

அப்புறம் கிட் பைசெக்ட். கிட் என்பது நிரலில் செய்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கருவி. நன்றாக ஓடிய கெர்னலையும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கெட்டதையும் சொல்லிவிட்டால், நடுவில் பிளந்து பிளந்து தேடும். 1000 மாற்றங்களுக்குச் சுமார் 10 சோதனைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கெர்னலைக் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து புதிதாக உருவாக்க, வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நடுவே லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால்? சரி, பயமில்லை, எதுவரை தேடினோம் என்பதை கிட் எழுதி வைத்திருக்கும். பழைய லேப்டாப்பில் நான் லாக்கோடு நிறுத்திக்கொள்வேன். டெவலப்பர்களுக்கு என்னவோ பைசெக்ட் காட்டும் அந்த ஒற்றைக் கமிட்தான் (பழுதைக் கொண்டுவந்த மாற்றம்) பிடிக்கும்.