நத்தார்ப் பரிசு: ஓலைப் பெட்டியா, சாறித் துண்டா?

மினுங்கும் பரிசுக் கடதாசி பலதில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், உக்காது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பதிலாகக் கைக்கெட்டும் வழிகள் இரண்டு.

ஒன்று பனையோலைப் பெட்டி. சார்வோலையில் இழைத்து, இடையிடையே சிவப்பும் பச்சையுமாய்ச் சாய ஓலை விட்ட மூடிப்பெட்டி. திறக்கும்போதே ஓலை மணக்கும். பரிசை எடுத்த பிறகும் அதில் ஊசி நூலோ உள்ளியோ கிடக்கும். கேக் வைப்பதென்றால் உள்ளே எண்ணெய்த்தாள் விரிக்க வேண்டும். இதன் எதிரி மழை. நத்தார் வருவதோ மார்கழியில், வடகீழ்ப் பருவமழை நேரம். ஒருமுறை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். சாயம் இளகி, உள்ளே இருந்த வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை! ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணமும் பிடிக்கும்.

சாறித் துண்டுக்குச் செலவே இல்லை. பழைய பருத்திச் சாறியைச் சதுரமாக வெட்டி, பொருளை நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகளை முடிச்சுப் போட்டால் சரி. ஒட்டுநாடாவும் வேண்டாம். புத்தகத்துக்கு நல்லது, போத்தலுக்கு இன்னும் நல்லது. செயற்கை இழையான நைலெக்ஸ் சாறி மட்டும் வேண்டாம். முடிச்சு வழுக்கும், உக்கவும் மாட்டாது.

நான் பெரியவர்களுக்குப் பெட்டியில்தான் கொடுப்பேன். பிள்ளைகளுக்குத் துணி போதும், எப்படியும் ஒரு நிமிடத்தில் பிரித்து எறிந்துவிடுவார்கள்.