சிம்ஸ் 4 மாட்: கையால் போடுவதா, ஆப்பிடம் விடுவதா?

சிம்ஸ் 4 என்ற கணினி கேமில் புது முடி, உடை, வசதி என்று சேர்க்க ஆட்டக்காரர்களே செய்து வெளியிடும் ஃபைல்தான் மாட். அதைப் போடுவது இரண்டு நிமிட வேலை. அது என்றைக்காவது மக்கர் செய்யும்போது எந்த ஃபைல் காரணம் என்று தேடுவதுதான் அரை நாளை விழுங்கும். அதனால் கையால் போடுவதா, மாட்களைத் தேடிப் போட்டுத்தரும் கர்ஸ்ஃபோர்ஜ் ஆப்பை நம்புவதா என்பதை எது சுலபம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், பழுது பார்க்கும் நாளை நினைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் கையால் போடும் வழி. டாக்குமென்ட்ஸ், அதற்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4, அதற்குள் மாட்ஸ் ஃபோல்டர். டவுன்லோடு செய்த ஜிப்பை அவிழ்த்து உள்ளே இருப்பதை இங்கே போட வேண்டும், ஜிப்பை அப்படியே போட்டால் கேம் கண்டுகொள்ளாது. பேக்கேஜ் ஃபைல்களை (முடி, உடை, நாற்காலி வகையறா) ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று சில அடுக்கு வரை பிரித்து வைக்கலாம். டிஎஸ்4ஸ்கிரிப்ட் என்று முடியும் ஃபைல்கள் (கேம் நடக்கும் விதத்தையே மாற்றும் ஸ்கிரிப்ட் மாட்கள்) மட்டும் மாட்ஸுக்கு உள்ளே ஒரே ஒரு அடுக்குக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. "போட்டேன், வரவே இல்லை" என்ற புலம்பலில் பாதிக்கு இதுதான் காரணம். மீதிப் பாதிக்கு, கேம் ஆப்ஷன்ஸில் 'அதர்' பகுதிக்குப் போய்ப் பாருங்கள், கஸ்டம் கன்டென்ட்டுக்கு (முடி, உடை வகையறா) ஒரு டிக், ஸ்கிரிப்ட் மாடுக்கு ஒரு டிக் இருக்கும். ஒவ்வொரு பேட்ச் (கேமின் அப்டேட்) வந்ததும் கேம் இரண்டையும் தானே எடுத்துவிடும். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருந்தால் இரண்டு சிம்ஸ் ஃபோல்டர்கள் இருக்கும், கேம் எதைப் படிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ஸ்ஃபோர்ஜ், சிம்ஸை வெளியிடும் இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனமே 2022-இல் கைகோத்துக்கொண்ட தளம். ஆப்பில் தேடி, 'இன்ஸ்டால்' அழுத்தினால் முடிந்தது, ஜிப் தொல்லையும் கிடையாது. புது வெர்ஷன் வந்தால் ஆப்பே சொல்லும், ஒரே அழுத்தில் மாற்றிவிடலாம், இது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் அந்த வசதி அங்கே ஏற்றப்பட்ட மாட்களுக்கு மட்டும்தான். பேட்ரியனிலும் (ரசிகர்கள் பணம் கொடுத்து ஆதரிக்கும் தளம்) சொந்தத் தளத்திலும் வெளியிடும் படைப்பாளிகள் ஏராளம், திரையில் கிளிக் செய்தே சீட் போட உதவும் யுஐ சீட்ஸ் எக்ஸ்டென்ஷனும் பேட்ரியனில் வெளியாவதுதான். ஆகவே கொஞ்ச நாளில் பாதி ஆப் போட்டது, பாதி நீங்கள் போட்டது என்று கலந்துவிடும், ஒரே மாட் இரண்டு வெர்ஷனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் கட்சி கையால் போடுவதுதான். படைப்பாளி பெயரில் ஒரு ஃபோல்டர், ஸ்கிரிப்ட் மாட்கள் தனியாக, முடியும் உடையும் தனியாக என்று வைத்திருப்பவருக்குப் பழுது வரும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும். நாலைந்து மாட்தான், அதுவும் எல்லாம் கர்ஸ்ஃபோர்ஜில் கிடைப்பவைதான் என்றால் தாராளமாக ஆப்பே போதும்.

எந்த வழியானாலும் ஸ்கிரிப்ட் மாடில் கவனம் தேவை. அது பைதான் நிரல், உங்கள் கணினியில் ஓடுகிற நிரல். 2024-இல் பிரபல தளங்களிலேயே சில மாட்களுக்குள் தகவல் திருடும் நிரலை யாரோ ஒளித்து வைத்தார்கள். ட்விஸ்டட்மெக்ஸி என்ற மாட் படைப்பாளி அதற்காகவே மாட்கார்டு என்ற தடுப்பை வெளியிட்டார்.

சரி, கேம் உடைந்துவிட்டது. முதலில் சிம்ஸ் 4 ஃபோல்டரில் இருக்கும் லோக்கல்தம்ப்கேஷ் பேக்கேஜை அழியுங்கள், பயப்பட வேண்டாம், கேம் அதைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அப்புறம் மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டுக் கேமைத் திறந்து பாருங்கள். அப்போதும் கோளாறு இருந்தால் மாட் மேல் பழி போடாமல் இஏ ஆப்பில் ரிப்பேர் கொடுங்கள்.

மாட்தான் என்று தெரிந்தபின் இரண்டு வழி. ஒன்று பெட்டர் எக்ஸெப்ஷன்ஸ், இதுவும் ட்விஸ்டட்மெக்ஸியுடையது. பிழை வந்ததும் ஒரு அறிக்கை எழுதி, பல நேரம் எந்த மாட் என்று பெயரோடு சொல்லிவிடும். கேம் தானாக எழுதும் லாஸ்ட்எக்ஸெப்ஷன் ஃபைலைத் திறந்து படிக்கலாம்தான், ஆனால் நிரல் தெரியாதவருக்கு அது கிரந்தக் கல்வெட்டு. லாஸ்ட்யுஐஎக்ஸெப்ஷன் என்று பெயர் இருந்தால் மட்டும் படிக்கவே தேவையில்லை, திரையின் பட்டன்களை மாற்றும் மாட்கள் மேல் நேராகச் சந்தேகப்படலாம். டெவலப்பர்கள் திரையை லேசாகத் தொட்டாலும் யுஐ சீட்ஸ் போன்றவை படுத்துவிடும்.

இன்னொன்று பாதி-பாதி முறை. பாதி ஃபைல்களை வெளியே எடுத்து, முன்பு சொன்ன லோக்கல்தம்ப்கேஷை அழித்து, கேமைத் திறப்பது. கோளாறு இருக்கும் பாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பது. 500 ஃபைல் இருந்தாலும் ஒன்பது சுற்றில் ஒன்று தனியாக நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கேம் திறக்கும் நேரத்தை நினைத்தால் கொட்டாவி வரும், ஆனால் மொட்டைத் தலையோடு நிற்கும் சிம் (கேமில் வரும் ஆள்), உருக்குலைந்த சட்டை மாதிரி அறிக்கையில் சிக்காத கோளாறுகளை இதுதான் பிடிக்கும். இரண்டு மாட்கள் ஒன்றோடொன்று மோதினால் மட்டும் இது ஏமாற்றும், தனித்தனிப் பாதியில் இரண்டுமே நல்ல பிள்ளையாக நடக்கும்.

ஆகவே பேட்ச் வந்த மறுநாள் உடைந்தால் ஸ்கிரிப்ட் மாட்களை முதலில் வெளியே எடுங்கள், ஒவ்வொன்றின் படைப்பாளியும் புது வெர்ஷன் விட்டாரா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். பேட்ச் இல்லாமல் உடைந்தால் கடைசியாக என்ன போட்டீர்களோ அதுதான். இரண்டும் இல்லையென்றால் பாதி-பாதி.

கேம் வேகமாகத் திறக்கட்டும் என்று சிம்ஸ் 4 ஸ்டுடியோ என்ற மாட் செய்யும் கருவியில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை ஒன்றாக இணைப்பவர்களும் உண்டு. வேகம் கிடைக்கும், ஆனால் பாதி-பாதி முறையில் அந்த மொத்தக் கட்டும் ஒரே ஃபைல்தான், உள்ளே எது குற்றவாளி என்று தெரியாது. இணைப்பதென்றால் அசல் ஃபைல்களை வேறு இடத்தில் வைத்திருங்கள். சோதனை தொடங்கும் முன் சேவ்ஸ் ஃபோல்டரையும் நகலெடுத்துவிடுங்கள், சோதனை நடக்கும்போது சேவ் பண்ணவே கூடாது. மாட் இல்லாத நிலையில் சேவ் செய்தால் சிம் போட்டிருந்த முடியும் வீட்டில் இருந்த சாமானும் அந்த சேவில் இருந்தே போய்விடும்.