பழநி–உடுமலை ரோட்டுப் பஞ்சர் கடையில் ஏமாந்தோம், கவனமாக இருங்கள்

லீவுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களிடம் வாங்கியது 2,450 ரூபாய். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆறு பேர் மறுநாள் வால்பாறை மலை ஏறப் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் நல்ல டயரில் ஏழு இடத்தில் குத்தி அனுப்பினார்களே, அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நாங்கள் ஈரோடு. அம்மாவைப் பெற்ற அம்மாயிக்கு வயது 78. அவர் கணவர், எங்கள் அப்புச்சி, அந்தக் காலத்தில் எஸ்டேட் லாரி ஓட்டியவர். கல்யாணமான புதிதில் மூன்று வருடம் வால்பாறையில் லைன் வீட்டில் குடியிருந்திருக்கிறார்கள். கீழே இறங்கிய பிறகு அம்மாயி அந்தப் பக்கம் போனதே இல்லை. அப்புச்சியும் இப்போது இல்லை. "கண்ணு, ஒருக்கா அந்த ஊரப் பாத்துட்டு வந்தர்லாமா" என்று தை மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். சரி, குழந்தைகளுக்கும் லீவு விட்டாயிற்று என்று நாலு நாள் திட்டம் போட்டோம். முதல் நாள் கொடுமுடியில் காவிரியில் குளித்துவிட்டு, முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழநி. இரண்டாம் நாள் திருமூர்த்தி மலை பார்த்துவிட்டு இரவு பொள்ளாச்சி. மூன்றாம் நாள் வால்பாறை ஏறி அங்கேயே தங்கல். நாலாம் நாள் பேரூர், அவிநாசி கும்பிட்டுவிட்டு வீடு. அம்மாயி, அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், நான். வண்டி எங்களுடைய எர்டிகாதான்.

முதல் நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழநி அடிவாரத்தில் மட்டும் நாலைந்து பேர் நடுரோட்டில் கை நீட்டி வண்டியை மறித்து "பார்க்கிங் இங்கதாங்க" என்று கூப்பிட்டார்கள். அப்படிப் போனால் கடைசியில் அர்ச்சனைத் தட்டுக் கடையில்தான் போய் நிற்கும் என்று தெரியும். நேராக ஓட்டிவிட்டோம். காலையில் விஞ்ச்சில் ஏறி அம்மாயி திருப்தியாகச் சாமி பார்த்தார்.

பழநி தாண்டி உடுமலை ரோட்டில் கொஞ்ச தூரம் வந்திருப்போம். மணி பதினொன்று இருக்கும். பின்னாலிருந்து ஒரு பைக் வந்து என் பக்கத்துக் கண்ணாடிக்கு நேராக ஓட்டியபடியே பின் சக்கரத்தைக் காட்டிக் கை ஆட்டினார் ஒருவர். கண்ணாடியை இறக்கினேன். "அண்ணா, பின்னாடி டயர்ல காத்தே இல்லீங்க, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். வண்டியில் எந்த ஆட்டமும் தெரியவில்லை. ஆனாலும் வயதானவரும் குழந்தைகளும் இருக்கும்போது மனசு கேட்குமா? அடுத்த அரை கிலோமீட்டரில் புளியமரத்தடியில் தகரக் கொட்டகை. மரத்தில் கட்டிய பழைய டயரில் 'பஞ்சர்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. நிறுத்தினேன்.

இறங்கி அம்மாயிக்குக் கதவைத் திறந்துவிட்டு, நிழலில் ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இடது பின் சக்கரத்தின் அடியில் ஜாக்கி ஏறியிருந்தது. நான் போடச் சொல்லவே இல்லை. டயர் உண்மையிலேயே தணிந்திருந்தது. வரும்போதே தணிந்திருந்ததா, அந்த இரண்டு நிமிடத்தில் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார்களா, தெரியாது. நான் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். "ஸ்டெப்னியப் போட்டுட்டு உடுமலையில பாத்துக்கறேங்க" என்றேன். "எதுக்குங்ணா, அஞ்சு நிமிசம், இங்கயே முடிச்சர்லாமுங்க" என்றார். அவ்வளவு மரியாதையான பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்து நடந்ததை நான் ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்த்தேன். பார்த்தும் அப்போது புரியவில்லை. மூடியில் ஓட்டை போட்ட பழைய தண்ணீர் பாட்டிலில் சோப்புத் தண்ணீர். வலது கையால் அதைப் பீய்ச்சிக்கொண்டே, இடது கையில் வைத்திருந்த கசங்கிய துணியால் டயரின் மேல் தேய்த்தபடி சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். முதலில் குறடால் ஒரு ஆணியைப் பிடித்துக் காட்டினார். முழுக்கத் துருப்பிடித்த, ஒன்றரை அங்குல ஆணி. அது பிடுங்கிய இடம் என்று அவர் காட்டிய இடத்தில் நுரை பொங்கியது. இன்னும் கொஞ்சம் சுற்றியதும் இன்னொரு இடத்தில் நுரை. துணி ஒரு இடத்தில் ஒரு நொடி நிற்கும், நகரும், அங்கே நுரை முளைக்கும். அவ்வளவுதான்.

"ரெண்டு பஞ்சருங்ணா. எங்கீங்க போறீங்க?"

"திருமூர்த்தி மலை போய்ட்டு நாளைக்கு வால்பாறைங்க."

"அய்யோ, இந்த டயர்ல மலை ஏறுனா வெடிச்சுருமுங்க. கொழந்தைங்கல்லாம் இருக்குதுங்களே" என்றபடி மறுபடி சுற்ற ஆரம்பித்தார். இரண்டு மூன்றானது, மூன்று ஐந்தானது, ஐந்து ஏழானது. வால்பாறை என்று நான் வாயைத் திறந்த பிறகு வந்தவை ஐந்து.

ஓட்டையில் செருகும் சாதாரணத் திரி போட்டால் மலை ரோட்டில் தாங்காது, மஷ்ரூம் பேட்ச்தான் போட வேண்டும், ஒன்றுக்கு 350 என்றார். தயங்கினேன். அம்மாதான் "காசப் பாக்காத சாமி, நல்லபடியாப் போய்ட்டு வரோணும்" என்றார். மெஷின் உள்ளே இருக்கிறது என்று சக்கரத்தை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். கால் மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். சுவரில் பணம் அனுப்பும் கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது. போனை எடுத்ததும் "அது வேல செய்யலீங்க, பணமாக் குடுத்துருங்க" என்றார். 2,450 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். கிளம்பும்போது பார்த்தால், வழியில் கை காட்டிய அந்த பைக் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆழியாறு பக்கம் ஓட்டினேன். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, அம்மாயி வழி முழுக்கப் பழங்கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஆழியாறு அணை நெருங்கும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக அலைந்தது. இறங்கிப் பார்த்தால் அதே டயர், ரிம் தரையைத் தொடும் அளவுக்கு உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து கொஞ்சம் மேலே போனால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40. அந்த அலைச்சல் பத்தாவது வளைவிலோ பதினைந்தாவது வளைவிலோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. இளநீர் ஏற்றிவந்த டெம்போக்காரர் ஒருவர் தானாக நிறுத்தி, ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அவருக்கு நன்றி.

ஸ்டெப்னியை மட்டும் நம்பி மலை ஏறக் கூடாது என்று திரும்பப் பொள்ளாச்சிக்கே வந்தோம். விசாரித்து ஒரு பெரியவர் கடைக்குப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டயரை ரிம்மிலிருந்து பிரித்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். "தம்பி, மஷ்ரூம்னு காசு வாங்குனாங்களா? உள்ள ஒண்ணுமே இல்லீங்க பாருங்க" என்றார். மஷ்ரூம் பேட்ச் என்பது காளான் மாதிரி. தண்டு ஓட்டைக்குள் போகும், குடை டயரின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் போட டயரைப் பிரித்தே ஆக வேண்டும். எங்கள் டயரின் உட்பக்கம் வழவழவென்று இருந்தது. வெளியிலிருந்து மலிவான திரியைச் செருகி, வாலை நறுக்கிவிட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை.

அப்புறம் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக் காட்டினார். ஏழும் ஒரே அளவு, ஏழும் நேர்க்குத்து. "ரோட்டுல கெடக்கற ஆணி இப்படி நேராக் குத்தாதுங்க, சாஞ்சுதான் ஏறும். ஏறி ஓடுன ஆணிக்குத் தலை தேஞ்சு பளபளன்னு இருக்கும். இது குத்தூசி வேலை" என்றார். எனக்குக் காட்டிய ஆணியின் தலை துருவேறி இருந்தது சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. அது எந்த ரோட்டிலும் ஓடிய ஆணி இல்லை. அந்த இடது கைத் துணிக்குள் என்ன இருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஏழில் ஐந்து பட்டன் மேல், அதாவது டயரில் தரையைத் தொடும் பகுதியில். இரண்டு டயரின் தோளில், பட்டன் முடிந்து பக்கச்சுவர் ஆரம்பிக்கிற இடத்தில். அந்த இடம் ஓடும்போது மடங்கி மடங்கி நிமிரும், எந்தப் பேட்சும் நிற்காது, டயரை மாற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பிரித்த கூலி 150 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். புது டயர் 5,400. வால்பாறையில் அன்றைக்குத் தங்கக் கட்டியிருந்த 3,000 ரூபாய் திரும்பி வராது என்றார்கள். ஆக மொத்தம் 11,000 ரூபாய், ஒரு முழு நாள்.

புது டயர் வாங்குகிறவர்கள் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அவசரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ஓடும் வண்டியில் யாராவது டயரைக் காட்டினால் பதற வேண்டாம். இப்போது பெரும்பாலான கார்களில் டியூப்லெஸ் டயர்தான். ஆணி ஏறினாலும் அது டயரிலேயே நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். வேகத்தைக் குறைத்து, வண்டியில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பேர் நடமாடும் இடமாக, முடிந்தால் பெட்ரோல் பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள். பங்க்கில் காற்று இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும். அங்கேயே அளவு பார்த்துவிடலாம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். உண்மையிலேயே இறங்கியிருந்தால் முதலில் ஸ்டெப்னி. பஞ்சரை ஊருக்குள் தெரிந்த கடையில் போட்டுக்கொள்ளலாம். அப்படியும் வழியில் போட வேண்டி வந்தால், ஆணியைப் பிடுங்கும் முன்பு டயரில் இருக்கும்போதே காட்டச் சொல்லுங்கள், போனில் ஒரு படம் எடுங்கள். துணியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீரை நீங்களே ஊற்றுங்கள். சக்கரம் உங்கள் கண்ணை விட்டு மறையக் கூடாது. நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான்.

பணத்தை போன் வழியாகவே அனுப்புங்கள். வீடு வந்து சேர்ந்த பிறகு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்க உட்கார்ந்தேன். கடைப் பெயர், பில், பணம் கொடுத்த ஆதாரம், மூன்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கடையின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். அங்கே பெயர்ப் பலகையே கிடையாது. அதே ரோட்டில் நேர்மையாகப் பிழைக்கும் பஞ்சர் கடைக்காரர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அதனால் இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லி அவர்கள் மேல் பழி விழவைக்க எனக்கு விருப்பமில்லை. டயரைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், ஏழு ஓட்டையையும் படம் எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் நேரில் போய் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இதே போல் அந்த ரோட்டில் ஏமாந்தவர்கள் இருந்தால் தேதியும் கொடுத்த தொகையும் எனக்கு எழுதுங்கள், சேர்த்துக் கொடுக்கிறேன்.

பேரூரையும் அவிநாசியையும் விட்டுவிட்டு நாலாம் நாள் விடியற்காலையில் வால்பாறை ஏறினோம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தினேன். கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரிந்தது. பாறை ஓரம் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன, குழந்தைகள் அதைப் பார்க்க ஓடினார்கள். நான் நாலு டயரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அம்மாயி இறங்கவில்லை. "உங்கப்புச்சி இந்த எடத்துல லாரிய நிறுத்தி ஒவ்வொரு டயராத் தட்டிப் பாத்துட்டுத்தான் மேல ஏத்துவாரு" என்றார்.