மேக்ரோ எழுதி வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் நூற்பாலையில் 12 ஃபிரேம்களின் (நூல் நூற்கும் இயந்திரங்கள்) மாத உற்பத்தியை எக்செல் சார்ட்டாகப் போட்டு மேனேஜரிடம் கொடுப்பது என் வேலை. இலக்கைத் தொடாத ஃபிரேமின் பட்டை சிவப்பு, மற்றவை பச்சை. பட்டைகளும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும் என்றார். கையால் கலர் மாற்றிச் சலித்துப்போய், மேக்ரோ (பட்டனை அழுத்தினால் எக்செல்லே வேலையைச் செய்யவைக்கும் சின்ன புரோகிராம்) எழுதித் தருவதாக விளம்பரம் போட்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். 4,000 ரூபாய் பேசி, முழுவதையும் முன்னாடியே ஜிபே செய்துவிட்டேன். அதுதான் தப்பு.

ஸ்கிரீன் ஷேரில் பட்டனை அழுத்திக் காட்டினார். 3, 7, 10 மூன்றும் பளிச்சென்று சிவந்தன. "சூப்பர் தம்பி" என்றேன்.

அடுத்த மாதம் புது எண்களைப் போட்டு அழுத்தினேன், பார்க்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் அதே 3, 7, 10! அந்த மாதம் அதிக நூல் எடுத்ததே 7ஆம் ஃபிரேம்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனை மேனேஜர் கூப்பிட்டுத் திட்டியும் முடித்துவிட்டார்.

எண்களைப் பார்க்காமல், அந்த மூன்றையே சிவப்பாக்கும்படி எழுதிவிட்டார் போல. மேக்ரோவின் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. போன் செய்தேன். "டேட்டா மாறினா அப்டேட் பண்ணணும்ணே, ஒரு தடவைக்கு 1,500" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கடைசியில் அக்கா பையன் புதிதாக எழுதினான். 15 வரிகூட இல்லை. பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு லூப், உள்ளே ஒரு இஃப், அதாவது நிபந்தனை: எண் இலக்குக்குக் கீழே போனால் அந்தப் பட்டைக்கு ஆர்ஜிபி 255, 0, 0, அதாவது சிவப்பு. தடிமனுக்கு கேப்விட்த் என்று ஒரே வரி. பெயரில் உள்ளபடி அது பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. 0 முதல் 500 வரை தரலாம், குறைக்கக் குறைக்கப் பட்டை தடிக்கும். 50 வைத்தோம். அந்த ஆளோ, "ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி அகலம், எக்ஸ்ட்ரா 1,000" என்று ஆசை காட்டியிருந்தார். எக்செல்லின் சாதாரண பட்டை சார்ட்டில் (column chart) அதற்கு வழியே இல்லை. நல்லவேளை, அதற்குத் தலையாட்டவில்லை.

மேக்ரோ எழுதித் தருபவர் அழுத்திக் காட்டுவதை நம்பாதீர்கள். ஃபைலை வாங்கி, நீங்களே நாலு எண்ணை மாற்றி அழுத்துங்கள். சிவப்பு இடம் மாறினால்தான் மீதிப் பணம். பாஸ்வேர்டு போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைல் பெயரின் முடிவு எக்ஸ்எல்எஸ்எம் (.xlsm) ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx) என்றால் உள்ளே மேக்ரோவே இருக்காது.

7ஆம் ஃபிரேம் அண்ணனுக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.