டொம்கெட் 9: எல்லா ஆப்புக்கும் ஒரே ஃபில்டர் போட்டு ஓட்டிய அனுபவம்

ஹட்டன் பக்கம் தோட்ட ஆபிஸ் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் கேட்டார்: செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு), கொழுந்து நிறை, சேமலாப நிதி மூன்று ஆப்பும் ஒரே டொம்கெட்டில் (ஜாவா வெப் ஆப்புகளை ஓட்டும் சேர்வர்) ஓடுகின்றன; பொதுவான ஃபில்டரை (ஒவ்வொரு ரிக்குவெஸ்டும் ஆப்புக்குப் போகுமுன் கடந்து போகும் கோட்) கான்ஃப் ஃபோல்டரில் இருக்கிற, எல்லா ஆப்புக்கும் பொதுவான செட்டிங் ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்லில் போட்டுவிடலாமா?

வசதி என்று பார்த்தால் அதற்கு ஈடில்லை. ஃபில்டர் கோட் உள்ள ஜார் ஃபைலை டொம்கெட்டின் லிப் ஃபோல்டரில் வைத்து, ஃபில்டரையும் /* (எல்லா முகவரிக்கும்) மேப்பிங்கையும் அந்த ஃபைலில் எழுதினால் முடிந்தது. எந்த ஆப்பின் வார் ஃபைலையும் திரும்ப பில்ட் பண்ண வேண்டாம். ஆப்புக்கு ஆப் தனி ஒப்ஜெக்ட் உண்டாகும். கிளாஸ் ஒன்றுதான் என்பதால் ஸ்டாட்டிக் மாறி மட்டும் எல்லாருக்கும் பொதுவாகிவிடும், கவனம்.

எரிச்சலெல்லாம் வரிசையில்தான். பொது ஃபைலில் இருப்பது முதலில் ஓடும் என்றுதான் யாரும் நினைப்போம். டொம்கெட்டோ ஆப்பின் சொந்த வெப்.எக்ஸ்எம்எல்லை முதலில் வைத்து, பொது ஃபைலைக் கடைசியில் சேர்க்கிறது. செக்ரோலின் லொகின் ஃபில்டர் ரீடைரக்ட் பண்ணிவிட்டால் பொது லொக் ஃபில்டருக்கு அந்த ரிக்குவெஸ்ட் வந்ததே தெரியாது. வரும் எழுத்துகளை எந்த முறையில் படிப்பது என்று சொல்லும் என்கோடிங் ஃபில்டர் என்றால் இன்னும் மோசம். முன்னால் ஓடும் ஃபில்டர் ஃபோர்மில் அடித்ததை எடுக்கும் கெட்பெராமீட்டரை ஒருமுறை கூப்பிட்டால் போதும், போஸ்டில் வந்தது முழுக்கத் தமிழ் எழுத்தே இல்லாத ஐஎஸ்ஓ-8859-1 ஆகப் படிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு யூடிஎஃப்-8 என்று சொல்லிப் பயனில்லை. முத்தம்மா என்று அடித்த பெயர், ஒவ்வொரு யூனிகோட் குறியின் 3 பைட்டும் 3 குப்பைக் குறிகளாக உடைந்து டேட்டாபேஸில் போய் உட்காரும். மலையேறிக் கொழுந்து பறித்தவரின் பெயர் சம்பளச் சீட்டில் இப்படி வருவதை என்னால் சிறு பிழையாக எடுத்துக்கொள்ள முடியாது.

டொம்கெட் போன்ற இன்னொரு சேர்வரான ஜெட்டி இதில் ஒழுங்கு: தன் பொது ஃபைலான வெப்டிஃபோல்ட்.எக்ஸ்எம்எல்லை முதலில் படித்துவிட்டுத்தான் ஆப்பிடம் போகும்.

டொம்கெட்டில் சரியான வழி சேர்வ்லெட்-கன்டெய்னர்-இனிஷியலைசர், அதாவது ஆப் தொடங்கும்போது டொம்கெட் தானாகக் கூப்பிடும் கிளாஸ். அதே ஜாருக்குள் மெட்டா-இன்ஃப் சேர்விசஸில் கிளாஸ் பெயரைக் கொடுத்து, ஒன்-ஸ்டார்ட்டப்பில் ஃபில்டரைச் சேருங்கள். யூஆர்எல் மேப்பிங் மெத்தட்டின் இரண்டாவது ஆர்கியூமென்ட் ஃபால்ஸ் ஆக இருக்கவேண்டும். அப்போதுதான் ஆப்பின் ஃபில்டர்களுக்கு முன்னால் நிற்கும். என்கோடிங்குக்கு ஃபில்டரே தேவையில்லை, அங்கேயே செட்-ரிக்குவெஸ்ட்-கெரக்டர்-என்கோடிங் ஒரு வரி போதும். ஃபில்டரின் அசிங்க் (பதிலைப் பிறகு அனுப்பும் முறை) சப்போர்ட்டையும் ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்-அசிங்க் கூப்பிடும் பக்கங்கள் இல்லீகல்-ஸ்டேட் எக்செப்ஷனில் விழும். டொம்கெட் 10க்கு மாறும் நாளில் கோடில் ஜாவாக்ஸ்.சேர்வ்லெட் என்ற பேக்கேஜ் பெயரெல்லாம் ஜகார்த்தா.சேர்வ்லெட் ஆகவேண்டும், சேர்விசஸ் ஃபைலின் பெயர் உட்பட.

இன்னொன்று. பொது வெப்.எக்ஸ்எம்எல் கண்காணிக்கப்படும் ஃபைல். ஓட்டோ டிப்ளோய் (மாற்றத்தைக் கண்டு டொம்கெட் தானே ஆப்பைப் புதுப்பிப்பது) இயக்கத்தில் இருக்கும்போது சேவ் பண்ணினால் எல்லா ஆப்பும் ரீலோட் ஆகும். கிளாஸ் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் மூன்றும் சேர்ந்தே படுத்துவிடும், எங்கும் 404தான். சம்பள நாளில் அந்த ஃபைலைத் தொடவே கூடாது.

இவ்வளவு வசதி இருந்தும் நண்பருக்கு என் பதில்: அங்கே போடாதீர்கள்.