கட்டளைவரித் திருத்தம்: ஈமேக்ஸ் விசைகளா, விஐ விசைகளா?

நீளமான கட்டளையை அடித்து முடித்தபின் நடுவில் ஓர் எழுத்து தவறியிருப்பதைக் கண்டு, இடது அம்புக்குறியை நாற்பது தடவை தட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான பாஷ் ஷெல்லில் அதற்கென்றே, ஈமேக்ஸ், விஐ என்ற இரு எடிட்டர்களின் (உரை திருத்தும் நிரல்களின்) பெயரால் ஈமேக்ஸ் முறை, விஐ முறை என இரண்டு விசைத் தொகுதிகள் இருக்கின்றன. நாமாக எதையும் மாற்றாவிட்டால் அமைவது ஈமேக்ஸ் முறை.

ஈமேக்ஸ் முறையில் கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும் கண்ட்ரோல்-இ முடிவுக்கும் கொண்டுபோகும்; கண்ட்ரோல்-கே கர்சருக்குப் பின்னுள்ளதை வெட்டும், கண்ட்ரோல்-ஒய் வெட்டியதை ஒட்டும். விஐ முறையிலோ எஸ்கேப் விசையை அழுத்தியபின் எழுத்து விசைகளே கட்டளைகளாகின்றன.

நிரல் மாற்றங்களைக் குறிப்புடன் பதிவுசெய்யும் கிட் கமிட் கட்டளையின் முடிவில், இரட்டை மேற்கோளுக்குள் மூன்று சொல் செய்தி ஒன்று இருக்கிறது; அதை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஈமேக்ஸ் முறையில் கண்ட்ரோல்-டபிள்யூ இடைவெளிவரை வெட்டுவதால், மூன்றாவது தட்டில் தொடக்க மேற்கோளும் போய்விடும். ஆல்ட்-பேக்ஸ்பேஸ் சொல்லின் எல்லையில் நிற்பதால், மூன்று தட்டுகளில் செய்தி நீங்கித் தொடக்க மேற்கோள் மிஞ்சும். விஐயின் மேம்பட்ட வடிவமான விம் பழகியவர்கள் மேற்கோளுக்குள் இருப்பதை ஒரே வீச்சில் மாற்றும் சி, ஐ, மேற்கோள் என்ற வரிசையைத் தேடுவார்கள். பாஷின் விஐ முறையில் அது இல்லை. எஸ்கேப் அழுத்தி, பெரிய எஃப்பும் மேற்கோளும் தட்டிப் பின்சென்று, எல் விசையால் ஓர் எழுத்து நகர்ந்து, சி, டி (t), மேற்கோள் என்று முடிக்க வேண்டும். விரல் பழகியவருக்கு இது சுகமே, ஆனால் ஒரு வரிக்குள் பெரிய லாபம் எதையும் நான் காணவில்லை.

பில் ஜாய் 1976இல் விஐ எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எஸ்கேப் விசை கியூவுக்கு அருகிலேயே இருந்தது. இன்று அது மூலைக்குப் போய்விட்டது. எழுத்து நுழைக்கும் நிலையில் இருக்கிறோமா, எஸ்கேப்புக்குப் பின்னான கட்டளை நிலையில் இருக்கிறோமா என்பதையும் பாஷ் தானாகக் காட்டுவதில்லை. எழுத்து நுழைக்கும் நிலை என்றெண்ணி நான் கே விசையைத் தட்டப்போய், அடித்த வரி மறைந்து பழைய கட்டளை வந்து நின்றதுண்டு.

ஈமேக்ஸ் முறைக்கும் இடைஞ்சல்கள் உண்டு. ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்த உதவும் ஸ்கிரீன் நிரல் கண்ட்ரோல்-ஏவைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. உலாவிக்குள் திறந்த டெர்மினலில் கண்ட்ரோல்-டபிள்யூ தாவலையே மூடிவிடக்கூடும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் விவரிப்பதும் விஐ முறையை மட்டுமே. அப்படியிருந்தும், பிறருடைய சர்வர்களில் அமைப்பு எதையும் தொடாமல் வேலை செய்ய வேண்டியவர் ஈமேக்ஸ் முறையையே கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. வரி மிக நீண்டால் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-இ அடுத்தடுத்து அழுத்தினால் அது விம் போன்ற நம் எடிட்டரில் திறக்கும். வெளியேறியதும் கட்டளை உடனே ஓடிவிடும், எதையும் மாற்றாமல் வெளியேறினாலும் கூட. ஓட வேண்டாமென்றால் எல்லாவற்றையும் அழித்துச் சேமித்துவிட்டு வெளியேறலாம்.